தெரியாத துறையின் ஆய்வுக்கட்டுரைக்குள் நுழைவது எப்படி?

அறிவியல் செய்திகளை விடாமல் படிக்கிறவர்களுக்கு ஒரு கட்டத்தில் ஆசை வரும், யாரோ சுருக்கிச் சொன்னதைப் படித்தது போதும், மூலக் கட்டுரையையே எடுத்துப் பார்த்துவிடலாம் என்று. எடுத்தால் முதல் பத்தியிலேயே மூச்சு முட்டும். ஒரு பக்கம் 4 கிலோமீட்டர் நீளக் குழாய்களுக்குள் லேசரை ஓடவிட்டு, ஒரு புரோட்டானின் விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்கான அசைவை அளந்து ஈர்ப்பலை வந்துபோனதைச் சொல்கிறார்கள். இன்னொரு பக்கம் அண்டார்டிகாவில் துளைபோட்டு எடுத்த பனிக்கட்டியில் சிக்கிய காற்றுக்குமிழிகளை வைத்து 8 லட்சம் ஆண்டுகளுக்கு முன் வரை கார்பன் டை ஆக்சைடு எவ்வளவு இருந்தது என்கிறார்கள். மூன்றாவது ஆள் கருவியே இல்லாமல், தாளும் பேனாவுமாக உட்கார்ந்து எண்களைப் பற்றி ஒன்றை நிரூபிக்கிறார். இவை எல்லாவற்றுக்கும் பெயர் அறிவியல் ஆய்வுதான்.

எல்லாவற்றையும் ஒரே ஆள் கற்றுவிட முடியாது. ஆனால் பழக்கமில்லாத ஒரு துறையின் கட்டுரையைத் திறந்து, இவர்கள் என்ன சொல்கிறார்கள், எதை வைத்துச் சொல்கிறார்கள், எவ்வளவு தூரம் நம்பலாம் என்று ஓரளவு சொல்லும் நிலைக்கு யாரும் வர முடியும், அதற்குப் பட்டம் தேவையில்லை. என் கருத்தில் அதற்கான வழி, அந்தத் துறை என்ன கண்டுபிடித்தது என்பதைவிட, அங்கே எதை ஆதாரம் என்று ஒப்புக்கொள்கிறார்கள் என்பதை முதலில் தெரிந்துகொள்வது. கீழே வரும் படிகள் எல்லாம் அதைச் சுற்றித்தான்.

1. துறையைத் தேடாதீர்கள், கேள்வியோடு போங்கள்

"நரம்பியல் படிக்கப்போகிறேன்" என்று ஆரம்பித்தால் இரண்டே வாரத்தில் சோர்ந்துவிடுவீர்கள். "உயிரினங்கள் ஏன் தூங்குகின்றன?" என்று ஆரம்பியுங்கள். அந்தக் கேள்வியே உங்களைத் துறை துறையாக இழுத்துப்போகும். மூளையலைகளை அளப்பவர்கள், மரபணுக்களைப் பார்ப்பவர்கள், நினைவாற்றலைச் சோதிக்கும் உளவியலாளர்கள் என்று போய், கடைசியில் ஜெல்லிமீன் ஆராய்கிறவர்களிடம் வந்து நிற்பீர்கள். மூளையே இல்லாத கசியோபியா என்ற ஜெல்லிமீனும் தூக்கம் போன்ற நிலைக்குப் போகிறது என்று 2017-ல் காட்டினார்கள். தூக்கம் மூளைக்காகத்தான் வந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தவருக்கு அந்த ஒரு கட்டுரை போதும், கேள்வியே மாறிவிடும்.

இரண்டு கேள்விகளுக்கு மேல் ஒரே நேரத்தில் எடுக்க வேண்டாம். முடிந்தால் ஒன்று பரிசோதனைக்கூடத்தில் திரும்பத் திரும்பச் செய்து பார்க்கக்கூடியதாகவும், மற்றது வானியல், புவியியல், தொல்லுயிரியல் மாதிரி நடந்து முடிந்ததைத் துப்பறிவதாகவும் இருக்கட்டும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கும்போதுதான் ஆதாரம் என்ற ஒன்று எத்தனை விதமாக இருக்கிறது என்று உறைக்கும்.

2. கட்டுரைகள் எங்கே கிடைக்கும்

இயற்பியல், கணிதம், கணினியியல் என்றால் ஆர்கைவ் தளம். 1991-ல் பால் கின்ஸ்பார்க் தொடங்கியது, இன்று 20 லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் அதில் இலவசமாக இருக்கின்றன. உயிரியலுக்கு 2013-லிருந்து பயோஆர்கைவ், மருத்துவத்துக்கு 2019-லிருந்து மெட்ஆர்கைவ். இந்த மூன்றிலும் வருபவை பெரும்பாலும் முன்பதிப்புகள், அதாவது மற்ற ஆய்வாளர்கள் சரிபார்ப்பதற்கு முன்னாலேயே வெளியிடப்பட்டவை. மருத்துவ, உயிரியல் ஆய்விதழ்களில் வந்தவற்றைத் தேட பப்மெட் இருக்கிறது. எல்லாத் துறைக்கும் பொதுவாக கூகுள் ஸ்காலர்.

ஆய்விதழ் காசு கேட்டால் உடனே மூடிவிட்டுப் போகாதீர்கள். கூகுள் ஸ்காலரில் பல கட்டுரைகளுக்குக் கீழே அதன் மற்ற பதிப்புகளுக்கான இணைப்பு இருக்கும், அதில் எங்காவது இலவசப் பிரதி இருக்கலாம். அன்பேவால் என்ற உலாவி நீட்சியும் சட்டப்படி இலவசமாகக் கிடைக்கும் பிரதியைத் தேடித்தரும். எதிலும் கிடைக்கவில்லையா, கட்டுரையில் இருக்கும் மின்னஞ்சலுக்கு நாலு வரி எழுதுங்கள், தங்கள் வேலையை ஒருவர் படிக்க விரும்புகிறார் என்றால் பெரும்பாலான ஆய்வாளர்கள் சந்தோஷமாக அனுப்பிவைப்பார்கள்.

ஒரு விஷயத்தை மட்டும் கண்டிப்பாகச் சொல்வேன்: புதிய துறைக்குள் போகும்போது நேற்று வந்த கட்டுரையை எடுக்காதீர்கள். முதலில் ஒரு மீள்பார்வைக் கட்டுரை, அதாவது அந்தத் தலைப்பில் பல ஆண்டுகளாக நடந்ததைத் தொகுத்து எழுதியது. கூகுள் ஸ்காலரில் அவற்றை மட்டும் காட்டும்படி வடிகட்டலாம். மருத்துவக் கேள்வி என்றால் 1993-லிருந்து இயங்கும் காக்ரேன் அமைப்பின் தொகுப்புகளைப் பாருங்கள். எந்த ஆய்வுகளைச் சேர்த்தோம், எதை ஏன் விட்டோம் என்று அவர்கள் வெளிப்படையாகச் சொல்வார்கள், பொது வாசகருக்கென்று எளிய சுருக்கமும் கூடவே இருக்கும்.

3. மேலிருந்து கீழே படிக்க வேண்டாம்

ஆய்வுக்கட்டுரை கதை இல்லை, வரிசையாகப் படிக்கத் தேவையில்லை. நான் பரிந்துரைக்கும் வரிசை இது: தலைப்பு, சுருக்கம், பிறகு நேராகப் படங்களும் வரைபடங்களும், அப்புறம் முன்னுரையின் கடைசிப் பத்தி (அங்கேதான் "இந்தக் கட்டுரையில் நாங்கள் செய்தது" என்று வரும்), அதன்பின் முடிவில் அவர்களே ஒப்புக்கொள்ளும் குறைபாடுகள். செய்முறைப் பகுதியைக் கடைசியாகப் படிக்கலாம், ஆனால் தவிர்க்கக் கூடாது. ஏன் என்று ஐந்தாவது படியில் LK-99 என்ற பொருளின் கதை வரும்போது தெரியும்.

வரைபடத்தில் கொஞ்சம் நேரம் செலவழியுங்கள். கிடை அச்சில் என்ன, செங்குத்து அச்சில் என்ன, அலகு என்ன, அச்சு பூஜ்ஜியத்தில் தொடங்குகிறதா, இல்லை நடுவில் வெட்டி வித்தியாசத்தைப் பெரிதாகக் காட்டுகிறதா, ஒவ்வொரு கோடும் பத்து மடங்காக ஏறும் மடக்கை அளவா? புள்ளிகளுக்கு மேலும் கீழும் நீளும் சின்னக் கோடுகள் எதைக் குறிக்கின்றன என்பதைப் படத்துக்குக் கீழே இருக்கும் பொடி எழுத்தில் தேடுங்கள். அது திட்ட விலக்கமாக (தரவு எவ்வளவு சிதறிக் கிடக்கிறது) இருக்கலாம், திட்டப் பிழையாக (சராசரி எவ்வளவு துல்லியம்) இருக்கலாம். ஒரே தரவுக்குத் திட்டப் பிழையை வரைந்தால் கோடு குட்டையாகி, முடிவு ரொம்பத் துல்லியமானது போலத் தெரியும். அதே பொடி எழுத்தில்தான் எத்தனை எலிகள், எத்தனை பேர் என்ற எண்ணிக்கையும் ஒளிந்திருக்கும். இதையெல்லாம் பார்க்க அந்தத் துறையே தெரிந்திருக்க வேண்டியதில்லை, பொறுமை போதும்.

ஆசிரியர் பட்டியலும் துறைக்குத் துறை வேறு. உயிரியலில் முதல் பெயர் பெரும்பாலும் வேலையைச் செய்தவர், கடைசிப் பெயர் ஆய்வகத் தலைவர். கணிதத்தில் பொதுவாக அகரவரிசை, அதனால் முதலில் வருவதற்கு ஒரு பொருளும் கிடையாது. துகள் இயற்பியலில் 2015-ல் ஹிக்ஸ் துகளின் நிறையைப் பற்றி வந்த கட்டுரைக்கு 5,154 ஆசிரியர்கள்; 33 பக்கக் கட்டுரையில் ஆய்வு இருப்பது 9 பக்கம், மிச்சம் எல்லாம் பெயர்களும் நிறுவனங்களும்தான். கணினியியலில் ஆய்விதழைவிட மாநாடுகளுக்கு மதிப்பு அதிகம், ஆகவே "மாநாட்டுக் கட்டுரைதானே" என்று அங்கே ஒதுக்கிவிடக் கூடாது.

4. இங்கே எதை ஆதாரம் என்கிறார்கள்?

இதுதான் முக்கியமான படி, இதில் அவசரப்படாதீர்கள்.

கணிதத்தில் நிரூபணம் என்றால் நிரூபணம், ஒரே ஓர் ஓட்டை இருந்தாலும் அது நிரூபணம் ஆகாது. ஃபெர்மாவின் கடைசித் தேற்றத்தை நிரூபித்துவிட்டதாக ஆண்ட்ரூ வைல்ஸ் 1993-ல் அறிவித்தார். சரிபார்க்கும்போது ஓரிடத்தில் இடைவெளி தெரிந்தது, 1994-ல் ரிச்சர்ட் டெய்லரின் துணையோடு அதைச் சரிசெய்தார், 1995-ல்தான் கட்டுரை அச்சானது. நடுவில் இருந்த அந்த ஒரு வருடமும் தேற்றம் நிரூபிக்கப்படாததாகத்தான் இருந்தது. "95 சதவீதம் உறுதி" என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை.

துகள் இயற்பியலில் புதிய துகளைக் கண்டோம் என்று சொல்ல 5 சிக்மா வேண்டும். அப்படி ஒரு துகளே இல்லை என்று வைத்துக்கொண்டால், வெறும் தற்செயலால் மட்டும் இவ்வளவு பெரிய அறிகுறி தரவில் தோன்ற வாய்ப்பு சுமார் 35 லட்சத்தில் ஒன்று, அதுதான் 5 சிக்மாவின் பொருள். 2012 ஜூலை 4 அன்று ஹிக்ஸ் அறிவிப்பு வந்தது அந்த அளவை எட்டிய பிறகுதான். உளவியலிலும் மருத்துவத்தின் பல பகுதிகளிலும் வழக்கமான எல்லை 20-ல் ஒன்று. உடனே யாரையும் இளக்காரமாகப் பார்க்க வேண்டாம். கோடிக்கணக்கான மோதல்களைப் பதிவுசெய்யும் இயந்திரத்தின் அளவுகோலை, நூறு பேரை அழைத்து வந்து உட்காரவைத்துச் செய்யும் சோதனைக்குப் போட முடியாது. ஆனால் விளைவு இருக்கிறது. உளவியலில் 100 ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்து 2015-ல் ஒரு பெரிய குழு முடிவை வெளியிட்டது. மூல ஆய்வுகளில் 97 சதவீதம் அந்த எல்லையைத் தாண்டியிருந்தன, திரும்பச் செய்தபோது தாண்டியவை 36 சதவீதம். இந்த மாதிரித் துறைகளில் ஒற்றைக் கட்டுரையை வைத்து எதையும் முடிவுசெய்யாமல், வேறு யாராவது திரும்பச் செய்தார்களா என்று தேடுவதுதான் உங்கள் வேலை. இந்தக் கணக்கை உளவியலாளர்கள் தாங்களே முன்வந்து எடுத்து வெளியிட்டார்கள் என்பதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

சிக்மா அதிகமானால் தப்பே வராது என்றும் இல்லை. 2011-ல் ஓபரா என்ற இயற்பியல் ஆய்வுக் குழு, ஜெனீவா அருகிலிருந்து இத்தாலிக்கு 730 கிலோமீட்டர் பயணித்த நியூட்ரினோ என்ற நுண்துகள்கள் ஒளியைவிட 60 நானோநொடி முந்தி வந்துவிட்டதாக அறிவித்தது. புள்ளியியல்படி 6 சிக்மா! கடைசியில் சரியாகப் பொருத்தப்படாத ஓர் ஒளியிழைக் கேபிள்தான் முக்கியக் காரணம் என்று தெரிந்தது. தற்செயலை எவ்வளவு தூரம் ஒதுக்கலாம் என்பதைத்தான் சிக்மா சொல்லும், கேபிள் தளர்ந்திருப்பதை அது சொல்லாது.

நடந்து முடிந்ததை ஆராயும் துறைகளில் திரும்பச் செய்து பார்ப்பது என்ற பேச்சே இல்லை, டைனோசர்களை மறுபடி அழித்துப் பார்க்கவா முடியும்? அங்கே ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத தடயங்கள் ஒரே இடத்தைக் கைகாட்டுகின்றனவா என்று பார்ப்பார்கள். டைனோசர்கள் அழிந்த காலத்தைச் சேர்ந்த, 6.6 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய களிமண் படிவத்தில், பூமியின் மேலோட்டில் அரிதான, ஆனால் விண்கற்களில் அதிகமாக இருக்கும் இரிடியம் என்ற உலோகம் அளவுக்கு மீறி இருப்பதை லூயிஸ் அல்வாரெஸும் அவர் மகன் வால்டரும் சக ஆய்வாளர்களும் 1980-ல் வெளியிட்டு, விண்கல் மோதியிருக்க வேண்டும் என்றார்கள். பள்ளம் எங்கே என்று கேட்டார்கள். 1991-ல் மெக்சிகோவின் யுகடான் பகுதியில் புதைந்திருக்கும் சிக்சுலுப் பள்ளம்தான் அது என்று இன்னொரு குழு எழுதியது. வேதியியல் தடயம் ஒரு பக்கம், நிலத்தடி அமைப்பு ஒரு பக்கம், அதிர்ச்சியில் உருக்குலைந்த குவார்ட்ஸ் துகள்கள் ஒரு பக்கம் என்று மூன்றும் ஒரே காலத்தில் வந்து நின்றன. இந்த வகை ஆதாரத்தைக் குறைவாக மதிப்பிடாதீர்கள்.

மருத்துவத்தில் கேட்க வேண்டியவை சில: இது எலியிலா மனிதர்களிலா, ஆட்களைக் குலுக்கல் முறையில் இரண்டு குழுவாகப் பிரித்தார்களா, போலி மருந்தோடு ஒப்பிட்டார்களா, எதை அளக்கப்போகிறோம் என்று ஆய்வு தொடங்கும் முன்பே பதிவுசெய்தார்களா? கடைசிக் கேள்வியைப் பலரும் கேட்பதில்லை. முடிவைப் பார்த்த பிறகு அளவுகோலைத் தேர்ந்தெடுத்தால் எதை வேண்டுமானாலும் வெற்றியாகக் காட்டலாம்.

5. பரபரப்பான முன்பதிப்பு வந்தால்

2023 ஜூலையில் தென்கொரியக் குழு ஒன்று ஆர்கைவில் கட்டுரை போட்டது. ஈயம், செம்பு, பாஸ்பேட் கலந்த LK-99 என்ற பொருள், சாதாரண அழுத்தத்தில், அறை வெப்பநிலைக்கும் மேலே கூட மீக்கடத்தியாக, அதாவது மின்தடையே இல்லாமல் மின்சாரத்தைக் கடத்தும் பொருளாக, இருக்கிறது என்றார்கள். மீக்கடத்திக்கு அடையாளம் என்று, காந்தத்தின் மேல் பாதி எழும்பி நிற்கும் துண்டின் காணொளியும் வந்தது. உலகமே துள்ளியது.

கட்டுரையில் மின்தடை சுமார் 104 டிகிரி செல்சியஸுக்கு அருகில் சட்டென்று விழுவதாக ஒரு வரைபடம். காப்பர் சல்பைடை முன்பே ஆராய்ந்திருந்த வேதியியலாளர் ஒருவருக்கு அந்த எண் பழக்கமானது, ஏனென்றால் காப்பர் சல்பைடின் உள்ளமைப்பு கிட்டத்தட்ட அதே வெப்பநிலையில்தான் மாறும், மின்தடையும் அப்போது சடாரென்று குறையும். செய்முறைப் பகுதியைப் பார்த்தால், அந்த வினையில் செம்பும் கந்தகமும் மிஞ்சும் என்பதும் தெரிகிறது. ஆக மாதிரியில் காப்பர் சல்பைடு கலந்திருக்க எல்லா வாய்ப்பும் உண்டு. பிறகு ஜெர்மனியின் மேக்ஸ் பிளாங்க் ஆய்வாளர்கள் கலப்படமில்லாத படிகத்தை வளர்த்துப் பார்த்தபோது அது மின்சாரத்தைக் கடத்தவே கடத்தாத பொருளாக இருந்தது. துண்டு பாதி எழும்பியது சாதாரண காந்தத்தன்மையாலும் நடக்கக்கூடியது. எல்லாம் சில வாரங்களுக்குள் முடிந்துவிட்டது.

செய்முறையைத் தவிர்க்கக் கூடாது என்று சொன்னது இதற்காகத்தான். முன்பதிப்பு என்றால் பொய் என்றில்லை, நல்ல ஆய்வுகள் பலவும் முதலில் அப்படித்தான் வெளிவருகின்றன. ஆனால் சில வாரங்கள் காத்திருந்து, மற்ற ஆய்வகங்கள் என்ன சொல்கின்றன என்று பார்த்துவிட்டுப் பகிருங்கள்.

ஆய்விதழில் வந்துவிட்டால் நம்பலாமா? அதுவும் முழு உத்தரவாதம் இல்லை. சரிபார்ப்பவர்கள் இரண்டு மூன்று பேர், அவர்கள் பொதுவாகச் சோதனையைத் திரும்பச் செய்து பார்ப்பதில்லை. தட்டம்மை, புட்டாளம்மை, ரூபெல்லாவுக்கான எம்.எம்.ஆர் தடுப்பூசியை ஆட்டிசத்தோடு முடிச்சுப்போட்ட கட்டுரை 1998-ல் லான்செட்டில் வந்தது, அதில் இருந்தது 12 குழந்தைகள். அது திரும்பப் பெறப்பட்டது 2010-ல்தான். எனவே பழைய கட்டுரையை மேற்கோள் காட்டுமுன் ஆய்விதழின் சொந்தப் பக்கத்தில் திரும்பப் பெற்ற அறிவிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். ரிட்ராக்‌ஷன் வாட்ச் தரவுத்தளத்திலும் இலவசமாகத் தேடலாம்.

செயற்கை நுண்ணறிவு அரட்டைக் கருவிகளிடம் சுருக்கம் கேட்கிறவர்களுக்கு ஒன்று. கேளுங்கள், தப்பில்லை, ஆனால் அவை சொல்லும் ஒவ்வொரு கட்டுரையும் நிஜமாகவே இருக்கிறதா என்று கட்டுரைக்குக் கொடுக்கப்படும் நிலையான அடையாள எண்ணான டி.ஓ.ஐ எண்ணைப் போட்டுத் திறந்து பாருங்கள். இல்லாத கட்டுரையைக்கூட அவை வெகு சரளமாகச் சொல்லும்.

6. துறைகளுக்கு நடுவே நடப்பது

சம்பந்தமில்லாத துறைகளைப் படிப்பது வெறும் பொழுதுபோக்கு என்று யாராவது சொன்னால் டான் ஸ்வான்சனைக் காட்டுங்கள். சிகாகோ பல்கலைக்கழகத்தின் தகவல் அறிவியலாளர், மருத்துவர் அல்ல. ரேனாட் நோய் என்று ஒன்று இருக்கிறது, குளிர் பட்டால் விரல்களுக்கு ரத்த ஓட்டம் குறைந்து வெளுத்துப்போகும். அந்த நோயாளிகளின் ரத்தம் கெட்டியாக இருக்கிறது, ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் அதிகம் ஒட்டிக்கொள்கின்றன என்று ஒரு தொகுதிக் கட்டுரைகள் சொல்லிக்கொண்டிருந்தன. மீன் எண்ணெய் அதையெல்லாம் குறைக்கிறது என்று வேறொரு தொகுதி சொல்லிக்கொண்டிருந்தது. இரண்டு தரப்பும் ஒருவரையொருவர் மேற்கோள் காட்டவில்லை. இரண்டையும் உட்கார்ந்து படித்த ஸ்வான்சன், மீன் எண்ணெய் இந்த நோய்க்கு உதவலாம் என்று 1986-ல் எழுதினார். சில ஆண்டுகளில் ஒரு மருத்துவச் சோதனையும் அதற்கு ஆதரவாக வந்தது. நூலகத்தில் ஏற்கெனவே இருந்ததை வைத்தே ஒரு புதிய கருதுகோள்!

கருவிகளும் இப்படித்தான் நகர்கின்றன. அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவின் வெந்நீர் ஊற்றில் வாழும் பாக்டீரியாவை தாமஸ் பிராக்கும் ஹட்சன் ஃப்ரீஸும் 1969-ல் விவரித்தது, அந்தச் சூட்டில் எது பிழைக்கும் என்று தெரிந்துகொள்ளத்தான். அதன் நொதிதான் பின்னாளில் டி.என்.ஏவைப் பல்கிப் பெருக்கும் பி.சி.ஆர் முறைக்கு அச்சாணி ஆனது. மரபணுவை வெட்டும் கிரிஸ்பருக்கும் ஒரு வேர் ஸ்பெயினின் உப்பளத்து நுண்ணுயிர்களை ஆராய்ந்த பிரான்சிஸ்கோ மோகிகாவின் வேலையில் இருக்கிறது.

நீங்கள் செய்யக்கூடிய பயிற்சி: பிடித்த ஒரு கட்டுரையைக் கூகுள் ஸ்காலரில் எடுத்து, அதை மேற்கோள் காட்டியவர்களின் பட்டியலைத் திறந்து, அதில் வேறு துறையிலிருந்து வந்த ஒன்றைத் தேடிப் படியுங்கள். இவருக்கு இந்தக் கட்டுரை எதற்குத் தேவைப்பட்டது என்று கேட்டுக்கொண்டே படியுங்கள். படித்ததை எல்லாம் நோட்டில் எழுதாமல், கேள்வி என்ன, எதை அளந்தார்கள், எதன் மேல், எத்தனை, எது வந்தால் இந்த முடிவு தப்பாகும் என்று ஐந்து வரி மட்டும் எழுதுங்கள். ஐந்தாவது வரி எழுத வரவில்லை என்றால் கட்டுரை இன்னும் புரியவில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

7. எதில் தொடங்குவது?

டி.என்.ஏவின் அமைப்பைப் பற்றி வாட்சனும் கிரிக்கும் நேச்சரில் 1953 ஏப்ரல் 25 அன்று எழுதிய கட்டுரை ஒரு பக்கத்துக்குச் சற்று அதிகம், ஒரே ஒரு படம். அதில் தொடங்குங்கள். ஆனால் அதோடு நிறுத்த வேண்டாம். அதே இதழில் அதற்கு அடுத்து வில்கின்ஸ் குழுவின் கட்டுரையும், ரோசலின்ட் ஃபிராங்க்ளினும் ரேமண்ட் காஸ்லிங்கும் எழுதிய கட்டுரையும் இருக்கின்றன. முதல் கட்டுரையில் சோதனைத் தரவு என்று பார்த்தால் கிட்டத்தட்ட ஒன்றும் இல்லை, இருப்பது டி.என்.ஏ இப்படித்தான் இருக்கும் என்று அவர்கள் முன்வைத்த மாதிரி வடிவம். எக்ஸ்ரே படமும் அளவுகளும் அடுத்த இரண்டில். மூன்றையும் ஒன்றாக வைத்துக்கொண்டு, எந்த வாக்கியத்துக்கான ஆதாரம் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று பென்சிலால் குறித்துக்கொண்டே போங்கள்.